வேலம்மாள் பக்கம் நின்றவர்களுக்கு

நாவல் வெளிவந்ததும் பதிப்பகத்தில் தொடங்கி வீட்டாரில் முடியும் நன்றியுரை ஒன்று எழுதுவது வழக்கம். நூலின் கடைசிப் பக்கத்தில் அதை முறையாகச் செய்திருக்கிறேன். அங்கே ஒரு வரியில் அடக்க முடியாதவர்களுக்காக இந்த மடல். தகவல் கொடுத்தவர்கள் என்று இவர்களைச் சொன்னால் போதாது. இல்லாத மனிதர்களுக்காக என்னோடு வழக்காடியவர்கள் இவர்கள்.

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: மதுரையில் மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்து. அதில் ஒரு சிறிய அச்சகம். நெருக்கடி நிலை வந்த 1975இல் தொடங்கி, ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய காலம் வரை கதை ஓடுகிறது. வேலம்மாள் அங்கே கம்பாசிட்டர், ஈய எழுத்துகளைக் கோப்பவள். சுந்தரம் முதலாளி. செல்லையா டிரெடில் என்னும் அச்சு மிஷினை ஓட்டுபவர். சாயங்காலங்களில் புரூஃப் பார்க்க வந்துபோகும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரை எல்லோரும் புலவர் என்பார்கள்.

கதாபாத்திரங்கள் ஒரு கட்டத்துக்குமேல் தாமாகவே நடக்கத் தொடங்கிவிடும், எழுதுகிறவன் பின்னால் போனால் போதும் என்று எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்வதுண்டு. அந்தப் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. வேலம்மாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். அழச் சொன்னால் அழுதாள், சிரிக்கச் சொன்னால் சிரித்தாள். கேட்கமாட்டேன் என்றவர் பெரியம்மா.

பெரியம்மா என்பது தெருவே அவரை அழைக்கும் முறை. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இளவயதிலிருந்து கண் மங்கும்வரை எழுத்துக் கோத்தவர். வேலம்மாளின் தாய் இறந்த மறுவாரம், கருமாதிப் பத்திரிகையை அவளே கோக்கும் காட்சியை அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் போட்டு வைக்கும் கேஸுக்கு முன்னால், எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி அவள் விம்முவதாக எழுதியிருந்தது. பெரியம்மா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "அவ அழமாட்டா தம்பி. கேஸுக்கு முன்னாடி நின்னு எவ அழுவா? கண்ணு மங்குனா எழுத்து மாறும், எழுத்து மாறுனா திருத்தணும், திருத்துறதுக்குக் கூலி எவன் தருவான்?"

"பெத்த தாய் பேரைக் கோக்கும்போதுமா பெரியம்மா?"

"கோக்கும்போது அது பேரா தெரியாது. ஒவ்வொண்ணா வருது, வரி நிறையுதான்னு பாப்போம், அம்புட்டுதான். மறுநாள் பிரிச்சுப் போடுவோம்ல, அப்பதான்."

அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைத் துடைத்து, வரி வரியாக இடக்கையில் ஏந்தி, அந்தந்தக் கட்டத்தில் திரும்பப் போட வேண்டும். அடுத்த வேலைக்கு அதே எழுத்துகள்தான். தாயின் பெயரை மகள் தன் கையாலேயே கலைத்துக் கட்டம் கட்டமாகப் போடுகிறாள். மதியத்துக்குமேல் வருகிற கல்யாணப் பத்திரிகைக்கு அவற்றிலிருந்தே எடுக்கிறாள். நாவலைப் படித்தவர்கள் பலரும் குறிப்பிட்டு எழுதுகிற இடம் இதுதான். பாராட்டுகளை அப்படியே பெரியம்மாவிடம் சேர்ப்பித்துவிட்டேன். "நான் சொன்னது சரிதானே" என்றதோடு முடித்துக்கொண்டார்.

எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் வெட்டிய பள்ளம் இருக்கும். கட்டைவிரல் அதைத் தடவியே எது தலை, எது கால் என்று அறிந்துகொள்ளும். கண் கைப்பிரதியை விட்டு நகர வேண்டியதில்லை. இதைச் சொல்லித் தந்ததும் அவரே. நாவல் முழுக்க வேலம்மாள் யோசிக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தடவுகிறாளே, அது இங்கிருந்து வந்தது. அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று பத்தி பத்தியாக எழுதி வைத்திருந்ததை அதற்குப் பிறகு அடித்துவிட்டேன். விரல் போதுமாக இருந்தது.

அடுத்த நன்றி மிஷின் அண்ணனுக்கு. அவரும் அச்சகத்தில் வேலை பார்த்தவர். இவர் வாதாடியது சுந்தரத்துக்காக. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்படுகிறது. அதுவரை மற்ற மாநிலங்களைவிடக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்த தமிழ்நாட்டிலும் நெருக்கடி நிலை முழுதாக இறங்குகிறது. அடுத்த மாதம் ஓர் இளைஞன் துண்டறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, அச்சகத்தின் பெயர் போடாமல் அடித்துத் தரச் சொல்கிறான். சுந்தரம் மறுக்கிறார். சுந்தரம் கோழையா, இல்லையா? எங்கள் வழக்கு இதுதான், நாலைந்து டீக்கடைகள் மாறி நடந்தது.

அச்சடித்தவர் பெயரும் ஊரும் இல்லாமல் எதையும் அச்சிடக்கூடாது என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. பெயரோடு போட்டால் போலீஸ் வரும், பெயரில்லாமல் போட்டால் அதுவே குற்றம். அண்ணனின் வாதம் வேறு திசையில் போனது. "முதலாளி உள்ள போனா மிஷினுக்குச் சீல் வைப்பாங்க. செல்லையா சோத்துக்கு என்ன பண்ணுவான்? வேலம்மா என்ன பண்ணும்? அந்தப் பையன் மறுநா வேற ஊருக்குப் போயிருவான்." நான் விடவில்லை. பயத்துக்கு எப்போதும் நல்ல காரணம் கிடைக்கும் என்றேன். அவரும் விடவில்லை. கடைசியில் அந்த அத்தியாயத்தில் சுந்தரம் கோழை என்று செல்லையா நினைக்கிறான், இல்லை என்று வேலம்மாள் நினைக்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு அது இன்னும் திருப்தியில்லை. "கடன் வாங்கிச் சம்பளம் போட்ட ஆளுய்யா அவரு" என்கிறார், சுந்தரம் தன்னோடு வேலை பார்த்தவர் என்பதுபோல. அப்படி ஒரு கடனைப் பற்றி நாவலில் ஒரு வரிகூடக் கிடையாது.

இந்த மாதிரிப் பேச்சு தமிழுக்குப் புதிதல்ல. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது, அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி ஏற்றுக்கொண்ட தாயோடு வாசகர்களில் ஒரு சாரார் சண்டைக்கே வந்தார்கள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தன் எழுதப்போய், கங்கா பிறந்தாள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ வந்தது. அவ்வளவு பிடிவாதமான எழுத்தாளரையே வாசகர்கள் இன்னொரு நாவல் எழுத வைத்தார்கள் என்றால் நான் எம்மாத்திரம்.

பழைய அச்சக முதலாளி ஒருவரின் மகள் தந்தையின் வேலைப் பேரேடுகளைத் தந்தார். எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணப் பத்திரிகைக் கணக்கு வெறுமையாகக் கிடக்கும். அந்த மாதங்களை ரசீது புத்தகங்களும் கோயில் நோட்டீஸுகளும்தான் ஓட்டியிருக்கின்றன. நாவலில் சம்பளம் தாமதமாகும் மாதங்கள் எல்லாம் அந்தப் பேரேட்டிலிருந்து வந்தவை. வேலம்மாள் ஆடியில் கம்மலை அடகு வைப்பதும் தையில் மீட்பதும் என் கற்பனை; மாதங்கள் அவர் தந்தையின் கையெழுத்து.

இனி என் பதிப்பாசிரியர். புலவரின் அத்தியாயத்தை முழுதாக வெட்டியவர். வெட்டியதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன், மனம் இன்னும் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அது எழுத்துச் சீர்திருத்த அத்தியாயம். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட மாற்றங்களை, அவர் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்படப் பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. பழைய லையும் னையும் தும்பிக்கை தூக்கி நிற்கும். ஒவ்வொன்றும் தனி வார்ப்பு, தனிக் கட்டம். புதிய முறையில் ஐகாரக் கொம்பையும் லகரத்தையும் அடுத்தடுத்து வைத்தால் முடிந்தது. இரண்டும் கேஸில் ஏற்கெனவே இருப்பவை, புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் கொம்பும் காலும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பாதிப் பக்கத்தில் வேலை நிற்கும். வேலம்மாளின் கை பழக்கதோஷத்தில் பழைய கட்டத்துக்கே போய்த் திரும்பும். காலியான கட்டத்தில் அவள் ஊக்கும் ஹேர்பின்னும் போட்டு வைப்பது பெரியம்மாவின் உபயம்.

இவ்வளவும் நாவலில் இருக்கிறது. போனது புலவர் பேச்சு. தும்பிக்கையை வெட்டிய அரசாங்கத்தை அவர் ஓர் இரவு முழுக்க ஏசுவார். நடுவில் அழுவார், தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைப்பார். கருத்தளவில் நான் அவருக்கு நேர் எதிர்க் கட்சி. அந்தச் சீர்திருத்தம் வந்திருக்காவிட்டால் தட்டச்சும் கணினியும் இன்னும் பாடுபட்டிருக்கும் என்று நினைக்கிறவன். அதனாலேயே அவருக்கு நிறைய பேச இடம் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. பதிப்பாசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இத்தனை பக்கத்தில் வேலம்மாள் எங்கே?" அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பதில் எழுதினேன். "அப்படியென்றால் நாமும் போவோம்" என்று வந்தது.

மேலும் சிலர். பழைய டிரெடில் ஒன்றை எனக்காக எண்ணெய் போட்டு ஓட்டிக் காட்டிய பழைய இரும்புக் கடைக்காரர். அதை விற்காமல் வைத்திருக்கிறார், ஏன் என்று சொல்லவில்லை. மதுரைப் பேச்சை வரி வரியாகக் கேட்டு, "இது திண்டுக்கல்" என்று சில இடங்களை அடித்த நண்பர். பிரதியெடுக்கும் கடையில் பக்கங்களைப் படித்துவிட்டு "அந்த செல்லையா சரியான ஆளு இல்லக்கா" என்று என் மனைவியை எச்சரித்த பையன்.

வீட்டில் அம்மாவுக்கு வேலம்மாள் தூரத்துச் சொந்தம் ஆகிவிட்டாள். "அந்தப் பொண்ணுக்கு என்னடா முடிவு பண்ணியிருக்க?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது விசாரிப்பார். கல்யாணம் ஆகாமல் விடப்போகிறேன் என்று தெரிந்த அன்று என்னோடு பேசவில்லை. மனைவி வேறு மாதிரி. "அவளுக்கு ஒரு நாளாவது லீவு குடுங்க, கேஸுக்கு முன்னாடியே நிக்க வெச்சிருக்கீங்க" என்றாள். வேலம்மாள் சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்க நடந்தே போகும் அத்தியாயம் அப்படி வந்தது. எழுதும்போது எனக்கு அதிக சந்தோஷம் தந்தது அதுதான்.

இரண்டாம் பாகம் கேட்டு எழுதுகிற வாசகர்களுக்கு: ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் முடிந்தபோது அவன் என்ன ஆனான், அவள் என்ன ஆனாள் என்று கேட்டவர்களுக்குக் கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை போதாது. அச்சகம் மூடிய பிறகு வேலம்மாள் எங்கே போனாள் என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அவர் சொல்ல மறுக்கிறார்.

புலவர் அத்தியாயம் வேண்டும் என்பவர்கள் எனக்கு எழுதினால் அனுப்பிவைக்கிறேன். பதிப்பாசிரியருக்குத் தெரிய வேண்டாம்.