இரட்டையர் ஆட்டக் குழு: 2024–2025 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குழுவின் அன்பர்களே, பிள்ளைகளை அழைத்துவந்துவிட்டு மாடிப்படியில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போகிமான் என்ற காணொளி விளையாட்டில், சண்டையிடும் கற்பனை உயிரினங்களான போகிமான்களைப் பக்கத்துக்கு இரண்டாகக் களமிறக்கி மோதவிடுவதே நம் இரட்டையர் ஆட்டம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஓராண்டின் அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கையை வாசித்தபோது மூன்று பேர் தூங்கிவிட்டதாகப் பொருளாளர் சொன்னார். ஆகவே இம்முறை கணக்கைப் பின்னால் தள்ளிவைத்து, ஆட்டத்தை முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 13 பேராக இருந்தோம், இப்போது 17 பேர். நம்மிடம் உள்ள ஸ்விட்ச் விளையாட்டுக் கருவிகள் ஆறு. அவற்றில் ஒன்றின் இடது கைப்பிடி தானாகவே நகரும் நோய்வாய்ப்பட்டது. கருவி இல்லாதவர்கள் கணினியில் ஷோடவுன் சிமுலேட்டரில் பயிற்சி செய்கிறார்கள். அதில் எந்தப் போகிமானையும் நொடியில் உருவாக்கி ஆடலாம், காசும் கேட்பதில்லை. புதியவர்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

எந்தப் போகிமான்களை அணியில் சேர்க்கலாம் என்று சொல்லும் போட்டி விதிகளுக்கு ரெகுலேஷன் என்று பெயர். இந்த ஒரே ஆண்டில் அவை மூன்று முறை மாறின. ஏப்ரலோடு ரெகுலேஷன் எஃப் முடிந்தது. மே முதல் ஆகஸ்ட் வரை, அணிக்கு ஒரு பெரிய லெஜண்டரியை, அதாவது மிக வலிமையான அரிய போகிமானை, அனுமதிக்கும் ரெகுலேஷன் ஜி. செப்டம்பர் முதல் ஜனவரி முதல் வாரம் வரை லெஜண்டரி, மித்திகல், பாரடாக்ஸ் ஆகிய சிறப்புப் பிரிவுப் போகிமான்கள் எதுவும் வேண்டாம் என்று சொன்ன ரெகுலேஷன் எச். பிறகு மீண்டும் ஜி. மே மாதக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லோரும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் ரெகுலேஷன் எச் காலத்தில்தான் நடந்தது.

ஆளுக்கொரு அணியைக் கட்டி ஆளுக்கொரு வழியில் தோற்பதைவிட, நான்கு மாதம் எல்லோரும் ஒரே போகிமானைப் படிப்போம் என்று ஆகஸ்ட் கடைசியில் செயற்குழு முடிவெடுத்தது. பிள்ளைகள் டிராகன் வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் அடி தாங்கும் ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் பொருந்தியது ஆர்க்கலூடான். 2023 டிசம்பரில் வந்த இண்டிகோ டிஸ்க் விரிவாக்கத்தில் அறிமுகமானது, டியூராலூடான் என்ற போகிமானின் அடுத்த வடிவம். பாம்பன் பாலத்துக்குக் கால் முளைத்தது போல நிற்கும்.

ஒவ்வொரு போகிமானுக்கும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் வகை உண்டு, எந்த வகை எதை வலுவாக அடிக்கும் என்பதே ஆட்டத்தின் அடிப்படை. டிராகன் வகை என்றாலே பனி வகைக்கும் ஃபேரி என்ற தேவதை வகைக்கும் இன்னொரு டிராகனுக்கும் அஞ்ச வேண்டும். இதற்கு எஃகு வகையும் சேர்ந்திருப்பதால் அந்த மூன்றும் சாதாரண அடியாகிவிடுகின்றன. நஞ்சு தொடவே தொடாது. புல் வகை அடியில் கால் பங்குதான் உறைக்கும். உண்மையான பலவீனம் இரண்டே: சண்டை வகை, நில வகை. அடிப்படைத் தற்காப்பு 130, சிறப்புத் தாக்குதல் 125, உயிர்ப்புள்ளி 90. உடல்வழி அல்லாத சிறப்பு அடிகளைத் தாங்கும் சிறப்புத் தற்காப்பு மட்டும் 65. அந்த ஓர் ஓட்டையை எப்படி அடைப்பது என்பதில்தான் குழு இரண்டுபட்டது. அதற்கு வருகிறேன்.

முதல் வாரத்தில் ஏறக்குறைய அனைவரும் ஸ்டர்டி என்ற திறனோடு வந்தார்கள். பெயரிலேயே உறுதி இருக்கிறதே என்று எண்ணிவிட்டார்கள். முழு உயிர்ப்புள்ளியோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரு புள்ளியோடு நிற்கவைக்கும் திறன் அது. ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் அது நல்ல காப்பீடு. இங்கே எதிரே நிற்பவர்கள் இருவர். முதலாமவர் அடித்து ஒரு புள்ளியில் நிறுத்துவார், இரண்டாமவர் ஊதினாலே விழுந்துவிடும். முதல் கூட்டத்தில் இப்படி எத்தனை பாலங்கள் இடிந்தன என்று எண்ணவில்லை, எண்ணியிருந்தால் மனம் நொந்திருக்கும்.

நமக்கு வேண்டியது ஸ்டாமினா என்ற மற்றொரு திறன். ஒவ்வோர் அடி விழும்போதும் தற்காப்பு ஒரு படி ஏறும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இந்த அம்மி அடிக்க அடிக்க இறுகும். பாடி பிரஸ் என்ற தாக்குதல் தற்காப்பு எண்ணை வைத்தே அடிக்கும் என்பதால், எதிரி தட்டத் தட்ட நம் கை வலுக்கிறது. இன்சினரோர் என்ற போகிமான் வந்து உறுமி எதிரிகளின் தாக்குதலைக் குறைப்பது இந்த ஆட்டத்தில் அன்றாட நிகழ்ச்சி. ஆர்க்கலூடானுக்கு அந்த உறுமல் உறைப்பதில்லை. அது அடிப்பது சிறப்புத் தாக்குதலால், இல்லையென்றால் தற்காப்பால். தாக்குதல் எண் எவ்வளவு குறைந்தால் அதற்கென்ன? எரிகாயம் பட்டால் மட்டும் பாடி பிரஸ் பாதியாகிவிடும். அதை இரண்டு பேர் கண்ணீரோடு கற்றார்கள்.

அடுத்தது மழை. எலக்ட்ரோ ஷாட் என்ற மின்சாரத் தாக்குதல் ஆர்க்கலூடானின் தனிச்சொத்து. வலிமை 130, குறி தவறாது. முதல் சுற்றில் மின்னேற்றிச் சிறப்புத் தாக்குதலை ஒரு படி உயர்த்திக்கொண்டு, இரண்டாம் சுற்றில் பாயும். மழை பெய்தால் இரண்டும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். மழையைக் கொண்டுவருவது பெலிப்பர் என்ற கூழைக்கடாப் பறவை. இரண்டையும் சேர்த்து முன்வரிசையில் இறக்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். செப்டம்பர் முழுவதும் அப்படியே ஆடினோம். அடியேனும் அப்படித்தான் ஆடினேன், ஆடித் தோற்றேன்.

காரணம் எளியது. இரு பக்கமும் வானிலைக்காரர்கள் ஒரே நேரத்தில் களமிறங்கினால், வேகமானவரின் திறன் முதலிலும் மெதுவானவரின் திறன் பிறகும் வேலை செய்யும். கடைசியில் வந்த வானிலையே நிலைக்கும். பெலிப்பரின் அடிப்படை வேகம் 65. வெயில் கொண்டுவரும் டார்கோலின் வேகம் 20. நம் மழை ஒரு நொடி தூறிவிட்டு அவர்கள் வெயிலில் காய்ந்துபோகும். மணற்புயல் கொண்டுவரும் டைரனிடாரின் வேகம் 61, நான்கே புள்ளி குறைவு. அந்த நான்கு புள்ளிக்காக, பெலிப்பரின் வேகத்தை வேண்டுமென்றே கெடுத்து வளர்த்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். டைரனிடாருக்கு எதிராக அது பலித்தது, மற்றெல்லா ஆட்டங்களிலும் பறவை எல்லோருக்கும் பின்னால் நடந்துவந்தது.

இனி வெஸ்ட் விவகாரம். அசால்ட் வெஸ்ட் என்ற பொருளைப் போகிமான் அணிந்தால் சிறப்புத் தற்காப்பு ஒன்றரை மடங்காகும், ஆனால் தாக்குதல் அல்லாத எதையும் செய்ய முடியாது. அதாவது ஒரு சுற்றுக்கு எதிரியின் அடியைத் தடுக்கும் புரொடெக்ட் கிடையாது. இரட்டையர் ஆட்டத்தில் புரொடெக்ட் இல்லாமல் போவது குடையில்லாமல் ஐப்பசியில் வெளியே போவது போல என்று தலைவர் வாதிட்டார். எதிர்க்கட்சிக்கு நான் பொறுப்பேற்றேன். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 50ஆம் நிலையில், ஆர்க்கலூடானின் உயிர்ப்புள்ளியில் முழுப் பயிற்சி கொடுத்தால் அது 197. சிறப்புத் தற்காப்புக்கு எதுவும் கொடுக்காவிட்டால் 85, வெஸ்ட்டோடு 127. சிறப்புத் தாக்குதலை உச்சத்துக்கு வளர்த்த பிளட்மூன் உர்சலூனா என்ற போகிமான், கையில் வலுக்கூட்டும் பொருள் எதுவுமின்றி எர்த் பவர் என்ற நில வகை அடியை அடித்தால் விழும் சேதம் 164 முதல் 194 வரை. வெஸ்ட் இருந்தால் மோசமான நிலையிலும் மூன்று புள்ளி மிஞ்சும். இல்லாவிட்டால் மிகக் குறைந்த சேதமே 246. அடிக்கு வலுக்கூட்டும் லைஃப் ஆர்ப் எதிரியிடம் இருந்தால் என்ன ஆகும் என்று தலைவர் கேட்டார். வெஸ்ட் இருந்தும் விழும் என்று ஒப்புக்கொண்டேன். விவாதம் அன்றிரவு ஒன்பதரை மணிவரை நீண்டது. மாடியைப் பூட்ட வந்தவர் சாவிக்கொத்தைக் குலுக்கியதால்தான் முடிந்தது.

உள்குழுப் போட்டியை நவம்பர் 30, சனிக்கிழமை என்று அறிவித்திருந்தோம். அன்றுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மூன்று மாதமாக மழை அணியைப் பழகிவிட்டு மழைக்குப் பயந்து வீட்டில் இருந்த முதல் குழு நாம்தான் என்று பொருளாளர் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். மின்சாரம் போகும்வரை சிலர் சிமுலேட்டரில் ஆடினார்கள். போட்டி டிசம்பர் 15க்குத் தள்ளிப்போனது.

அரையிறுதியில் நான் தோற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பழக்கம் விடவில்லை. பெலிப்பரையும் ஆர்க்கலூடானையும் முன்வரிசையில் இறக்கினேன், டார்கோல் வந்தது, வெயில் அடித்தது, மின்னேற்றிக்கொண்டே எரிந்தேன்.

இறுதி ஆட்டத்தை விரிவாகவே பதிவு செய்ய வேண்டும். என்னை வென்றவரை எதிர்கொண்டவர் எட்டாம் வகுப்பு படிக்கும் நம் இளைய உறுப்பினர். ஆட்டத்துக்கு முன் இருவரும் அணிப் பட்டியலை மாற்றிக்கொள்வது வழக்கம். ஆறில் எந்த நான்கைக் கொண்டுவருவது என்று யோசிக்கத் தொண்ணூறு விநாடி உண்டு. அந்தத் தொண்ணூறு விநாடியும் அவர் எதிரியின் உர்சலூனா வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியவில்லையோ என்றுகூட எனக்கு ஐயம் வந்தது.

எதிரில் டார்கோலும் உர்சலூனாவும். இவர் பக்கம் ஆர்க்கலூடானும் இன்சினரோரும். பெலிப்பர் பின்னால். வெயில் வந்தது. முதல் சுற்றிலேயே இன்சினரோரைத் திரும்ப அழைத்துவிட்டுப் பெலிப்பரை இறக்கினார். ஆளை மாற்றுவது எல்லாத் தாக்குதல்களுக்கும் முன்னால் நடக்கும். டார்கோல் ஏற்கெனவே களத்தில் நிற்பதால் அதன் வெயில் திரும்ப வராது, ஆகவே மழை நிலைத்தது. அதே சுற்றில் எலக்ட்ரோ ஷாட் காத்திருக்காமல் பாய்ந்து, கண்ணிமைக்கும் முன் டார்கோல் சாய்ந்தது. உர்சலூனா தன் முறையில் எர்த் பவரை ஆர்க்கலூடான்மீது இறக்கியது. வெஸ்ட் தாங்கியது. மிச்சம் 9 புள்ளி.

அறை அமைதியானது. உர்சலூனாவுக்கு வேக்கம் வேவ் என்ற முந்திக்கொள்ளும் சண்டை வகை அடி உண்டு, 9 புள்ளிக்கு அது தாராளம். நான் தலையில் கைவைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "அவங்க பட்டியல்ல அது இல்லை மாமா" என்றார். அந்தத் தொண்ணூறு விநாடி எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. நில வகைமேல் மின்சாரம் செல்லாது என்பதால் அடுத்த சுற்றில் டிராகோ மீட்டியர் அடித்தார். நூற்றில் பத்து முறை தவறக்கூடிய தாக்குதல் அது. தவறவில்லை. உர்சலூனாவின் கையில் புரொடெக்ட் இருந்தும் எதிராளி அடித்து முடிக்கவே ஆசைப்பட்டார். அதைத் தலைவர் அடிக்கடி நினைவுபடுத்துகிறார், நினைவுபடுத்தட்டும்.

கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. எல்லோரும் ஆர்க்கலூடானை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தார்களாம். அவர் பெலிப்பரை எப்போது இறக்குவது என்று மட்டும் யோசித்தாராம். ஜனவரிக்குப் பிறகு நம்மில் பாதிப்பேர் பறவையைப் பின்வரிசையில் வைத்தே ஆடுகிறோம்.

ரெகுலேஷன் ஜி திரும்பியதும் பெலிப்பரின் இடத்தில் மழை கொண்டுவரும் லெஜண்டரியான கயோகர் வந்தது, மழை பெருமழையானது. ஆனால் எதிரிகளும் பெரியவர்களானார்கள். கொரைடான் ஒரே அடியில் பாலத்தை இடிக்கும் சண்டை வகை. உர்ஷிஃபுவின் தனிச்சொத்தான அடிகள் எப்போதும் கிரிட்டிகல் என்ற கூடுதல் வலுவோடு விழும், அவை ஸ்டாமினா ஏற்றிவைத்த தற்காப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆட்டத்துக்கு நடுவே போகிமானின் வகையையே மாற்றும் டெராவால் அதை ஃபேரியாக மாற்றித் தப்புவோரும் பறக்கும் வகையாக மாற்றித் தப்புவோரும் இருக்கிறார்கள். புல் வகையாக மாறினால் அமூங்கஸ் என்ற காளான் போகிமானின் தூக்கப் பொடியும் பலிக்காது. இதில் குழுவுக்குப் பொதுக்கருத்து இன்னும் உருவாகவில்லை.

கணக்கு: முந்தைய இருப்பு ரூ.1,340. சந்தா ஆளுக்கு ரூ.600 வீதம் ரூ.10,200. செலவில் மாடி வாடகை ரூ.6,000, தேநீர், சிற்றுண்டி ரூ.2,480, மின்கம்பியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ரூ.1,150, பரிசுகள் ரூ.900. கையிருப்பு ரூ.1,010. தேநீர்ச் செலவு பரிசுச் செலவைவிட இரண்டரை மடங்குக்கு மேல் என்று தணிக்கையாளர் சுட்டிக்காட்டியிருக்கிறார். குடித்தவர்களில் அவரும் உண்டு.

2025 மே மாதம் முதல் ரெகுலேஷன் ஐ வருகிறது. அணிக்கு இரண்டு பெரிய லெஜண்டரிகள். அதில் ஆர்க்கலூடானுக்கு இடமிருக்குமா என்று ஜூன் வரை பார்த்துவிட்டு, இல்லையென்றால் வேறு போகிமானைப் படிக்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. டிராகனைட் என்று பிள்ளைகள் இப்போதே கைதூக்குகிறார்கள்.

மாடியைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், புயல் வாரத்தில் ஈரமான கருவிகளை அரிசிப் பானையில் வைத்துக் காப்பாற்றிய பெற்றோருக்கும் குழுவின் நன்றி. பிப்ரவரியில் பயிற்சிக்கென எடுத்துச்சென்ற, ஸ்விட்சைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக் ஒன்று இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அடுத்த கூட்டத்துக்குள் ஒப்படைக்குமாறும், இவ்வறிக்கையையும் கணக்கையும் ஏற்றுத் தருமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்