படிக்கட்டில் நிற்கும் சான்றிதழ்

ஆசிரியருக்கு,

மன்னார்குடி அருகே, கீழே சிறு கடையும் மேலே வீடுமாகக் கட்டினோம். வரைபடப்படி கட்டி முடித்ததற்கு அதிகாரிகள் தரும் நிறைவுச் சான்றிதழிலிருந்து சிறிய குடியிருப்புகளுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தரும் விலக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் எங்களுக்கு நிரந்தர மின் இணைப்பு என்றார்கள். சரி. ஐப்பசி அடைமழையில் தெருவே வாய்க்காலாகும் ஊர் என்பதால் தரையை மூன்றடி உயர்த்தினோம். அதனால் படிகள், முன்புறம் விட வேண்டிய காலியிடத்துக்குள் ஓரடி நீண்டுவிட்டன. அதைக் காட்டி அதிகாரிகள் சான்றிதழை நிறுத்திவிட்டார்கள். வரைபடத்தை மீறியது எங்கள் தவறுதான் (கொத்தனார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை). ஆனால் படியை இடித்துத் திருப்பிக் கட்டி இரண்டு மாதமாகிறது; மறு ஆய்வுக்கு யாரும் வரவில்லை. தையில் பால் காய்ச்சிய வீட்டில் இன்னும் தற்காலிக மின் இணைப்புதான், கூடுதல் கட்டணத்தில். மறு ஆய்வுக்கும் கெடு விதித்து, வரும் தேதியைக் குறுஞ்செய்தியில் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்