கருவிய மாட்டுங்க, பசங்களையும் கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கம். வீரர்கள் முதுகுல ஜிபிஎஸ் கருவி மாட்டி உழைப்ப அளக்குறத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அந்த நம்பரே எல்லாத்தையும் சொல்லிடும்ங்கிற மாதிரி முடிச்சது சரியில்லைங்க. தோள்பட்டைக்கு நடுவுல இருக்குற அந்த சின்ன கருவி பெரும்பாலும் செகண்டுக்கு 10 தடவை இடத்த குறிச்சு தூரம், வேகம், ஸ்பிரிண்ட் எல்லாம் சொல்லும், உடம்பு அத எப்படி தாங்குச்சுங்கிறது வேற கணக்கு.

நான் ஃபுட்பால் கோச். ஒரு நாள் ரெண்டு பசங்களுக்கும் கருவி கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர்னு காட்டுச்சு, ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே தண்ணி குடிச்சான், இன்னொருத்தன் ஷூ லேஸ அவுக்க முடியாம கை நடுங்க உக்காந்திருந்தான், கேட்டா ரெண்டு ராத்திரியா தூங்கலையாம். பயிற்சி முடிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு 'எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு, 0லேர்ந்து 10க்குள்ள சொல்லு'ன்னு கேட்டு, அந்த பதில பயிற்சி நடந்த நிமிஷத்தால பெருக்குங்க, 60 நிமிஷத்துக்கு 7ன்னா 420, அதான் உடம்பு பட்ட கஷ்டத்தோட நம்பர், பழைய முறைதான், செலவே இல்ல. கருவி வாங்குற அகாடமிங்க தினமும் இதையும் கேட்டு ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைக்கணும்னு கேட்டுக்கறேன்.