நீ கேட்ட மாத்திரை பற்றி

அன்புள்ள தம்பி,

படிப்புக்காகக் கவனத்தைக் கூட்டும் மாத்திரையை எடுக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஆய்வுக்கூட நண்பன் தன் மருந்துச்சீட்டில் வாங்கிய அட்டரால் என்ற, ஆம்பெடமைன் எனும் ஊக்கமருந்து அடங்கிய மாத்திரையில் சிலவற்றை உனக்குத் தர முன்வந்ததையும், நாளுக்கு மூன்று முறை பில்டர் காபி குடிக்கும் அப்பா இதை எப்படித் தவறு என்பார் என்று அவன் சிரித்ததையும் சொன்னாய்.

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. முப்பது ஆண்டு மருந்துக்கடை நடத்திய நானும், பொதுத்தேர்வு நெருங்கும்போது ஞாபக சக்தி டானிக் கேட்டு வந்த பெற்றோருக்கு, அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்தே விற்றவன்தான். ஆனாலும் காபியையும் ஆம்பெடமைனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அடிமைப்படுத்தும் தன்மைக்காக அமெரிக்கச் சட்டம் ஆம்பெடமைனை, கட்டுப்பாட்டு மருந்துகளில் மார்பின் இருக்கும் இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிறர் சீட்டு மருந்தை வாங்கி விழுங்குவது அங்கே குற்றம், நீயோ மாணவர் விசாவில் இருப்பவன். சட்டம் இத்தோடு போகட்டும்.

கணித மேதை பால் ஏர்டிஷை உன் நண்பன் சான்றுக்கு இழுக்கக்கூடும். 1979இல் ஒரு மாதம் ஆம்பெடமைனை நிறுத்தி 500 டாலர் பந்தயத்தில் வென்றபின், கணிதமே ஒரு மாதம் பின்தங்கிவிட்டதென்று குறைபட்டவர் அவர். ஆனால் அவர் பெயர் உலகெங்கும் நிலைபெற்ற பிறகு, ஐம்பது வயதைத் தாண்டியே, அந்த மருந்து அவரிடம் வந்தது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட சோதனையில், நலமான 40 பேருக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்து, எடையும் மதிப்பும் பார்த்துப் பையை நிரப்பும் புதிரைப் போடவைத்தார்கள். அவர்கள் கூடுதல் நேரம் முயன்றார்கள், முயற்சியின் தரமோ குறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்டபோது சராசரிக்கு மேல் இருந்தவர்கள் மருந்தில் கீழே இறங்கினார்கள்.

சரி, தீங்கற்று வேலை செய்யும் மாத்திரை ஒன்று வந்துவிட்டதாகவே கொள்வோம். டியூக் பல்கலைக்கழகம் 2011இல், சீட்டில்லாமல் இம்மருந்துகளைப் படிப்புக்காக உண்பதைத் தேர்வு மோசடியோடு சேர்த்தது. எனக்கு அது முழுதும் ஒப்பவில்லை; நோய்க்கு மருந்து கண்டவன் எதை விழுங்கிக் கண்டான் என்று நோயாளி கேட்கப் போவதில்லை. என்னை உறுத்துவது வேறு. பத்துப் பேர் உள்ள கூடத்தில் நால்வர் மாத்திரையின் துணையில் பதினாறு மணி நேரம் உழைத்தால், பேராசிரியருக்கு அதுவே இயல்பான வேலைநாளாகத் தோன்றிவிடும். பத்து மணி நேரம் ஒழுங்காக உழைப்பவன் சோம்பேறியாகி, யாரும் வற்புறுத்தாமலே மாத்திரைக்குக் கை நீட்டுவான். நீ உன் விருப்பம் என்று எடுப்பது, அடுத்த ஆண்டு வரும் மாணவனுக்கு விருப்பமாக இருக்காது.

கவனம் உண்மையிலேயே நிலைக்கவில்லை என்றால் மருத்துவரைப் பார், அதில் வெட்கமில்லை. வெறும் தூக்கக்குறைவு என்றால், கட்டுரைக்கு இரண்டு வாரத் தவணை கேட்டாயா என்பதை அடுத்த ஞாயிறு சொல். காபித்தூள் அம்மா அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா