மெனு நாலு பக்கம் வேணாம் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ பாரிஸ்ல தொறக்கப்போற சாப்பாட்டு கடைக்குன்னு அனுப்புன மெனு படத்த ஃபோன்ல பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன். நாலு பக்கம் வருது. இடியப்பம், பிட்டு, தோசை, கொத்து ரொட்டியில மட்டும் ஆறு வகை, பிரியாணி, ஃப்ரைட் ரைஸ், டெவல், நூடில்ஸ், கடைசி பக்கத்துல பீட்சாவும் போட்டிருக்க. மூணு பேரு நிக்கப்போற குசினிக்கு இம்புட்டும் எதுக்குன்னு கோல் எடுத்து கேட்டா "சரிப்பா பாப்பம்பா"ன்னு வச்சிருவ, அதான் ஒக்காந்து எழுதுறேன், தமிழ் கீபோர்ட் தங்கச்சி போட்டு குடுத்தா, பிழை இருந்தா நீயே திருத்தி வாசிச்சிக்க.

நாங்க பாரிஸ் வந்திருந்தப்ப ஒன் ரூமுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ரெஸ்டூரண்டுக்கு பகல் சாப்பாட்டுக்கு கூட்டிட்டு போனியே, அத பத்தி தான் எழுதப்போறேன். ஈபில் டவர பத்தி இங்க இலங்கையில டிக்கோயாவுல கேக்குறவங்களுக்கெல்லாம் ஒங்கம்மா சொல்லிக்கிட்டு திரியிறா, எனக்கு என்னமோ அந்த கடைதான் மனசுல நிக்குது. நாப்பது வருசத்துக்கு மேல தேயிலத் தோட்டத்து தொரை பங்களா குசினியில சமைச்சு நின்னவன் கண்ணு எங்க போனாலும் குசினி கதவத்தான் தேடும்.

உள்ள போறப்பவே நீ என் முதுகுல தட்டி "பொன்ஜூர் சொல்லுப்பா"ன்னு சொன்ன. சொன்னதும் தான் அந்த அம்மா மொகம் மலந்துச்சு. அவங்க முன்னுக்கு, புருசன்காரரு அடுப்புல, கூட ஒரு பொடியன், அவ்வளவுதான் மொத்த ஸ்டாஃபும். மேசையெல்லாம் ஒட்டி ஒட்டி கெடந்துச்சு, பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டுக் கோப்பையில என்ன இருக்குன்னு திரும்பாமலே தெரியும். மெனுன்னு ஒரு அட்ட கூட குடுக்கல. கரும்பலகையில சோக்கட்டியால எழுதி அத தூக்கிட்டு வந்து கதிர மேல சாத்தி வச்சாங்க. மொதல்ல சாப்பிடுறது மூணு, பெரிய கோப்பைக்கு மூணு, கடைசிக்கு இனிப்பு மூணு. ரெண்டு எடுத்தா ஒரு வெல, மூணும் எடுத்தா 24 யூரோ. நான் மனசுக்குள்ள கணக்கு போட்டேன், நம்ம காசுல 8,000 ரூபாய்க்கு மேல வரும், 2024-ல சண்ட புடிச்சு ஏத்துன தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாயா இருந்துச்சு, அப்ப ஒரு ஆளு ஆறு நாள் மலையில நின்னு கொழுந்து எடுக்கணும். ஒங்கம்மாகிட்ட சொல்லல, சொல்லியிருந்தா எந்திரிச்சு போயிருப்பா.

அவளுக்கு வந்தது லீக்ஸ். நம்ம நுவரெலியா பக்கம் லொறி லொறியா ஏத்துற அதே லீக்ஸ் தான். வெள்ளத் தண்ட மட்டும் எடுத்து, உப்புத் தண்ணியில கொழையாம அவிச்சு, நல்லா ஆறவச்சு நீட்டுக்கு பொளந்து வச்சிருந்தாங்க, மேல கடுகு விழுதும் வினாகிரியும் எண்ணெயும் சேத்து அடிச்ச ஒரு சோஸ், அதுக்கு மேல அவிச்ச முட்டைய பொடிப்பொடியா தூவி. "இத வீட்டுல அவிச்சு வச்சா நீங்க தொடுவீங்களா"ன்னு என்னைய மொறச்சா, ஆனா கோப்பைய தொடச்சு சாப்பிட்டா, கடைசியில அந்த சோஸ பாண வச்சு வழிச்சதையும் பாத்தேன். தண்ட வெட்டுன பச்ச எல எங்கன்னு எட்டிப் பாத்தேன் தம்பி, அத அந்த பொடியன் கழுவி பெரிய சட்டியில போட்டுக்கிட்டிருந்தான், சூப்புக்கு. அந்த எடத்துல தான் எனக்கு அவங்க சூட்சுமம் வெளங்க ஆரம்பிச்சுது.

எனக்கு மாட்டெறச்சி ஒத்துக்காதுன்னு நீ தாரா எடுத்து குடுத்த. தாராக் காலுக்கு மொதநாள் உப்பு தடவி வச்சு, மறுநாள் அதோட கொழுப்புலயே முக்கி கொதிக்க விடாம மணிக்கணக்குல சின்ன சூட்டுல கெடக்க விடுவாங்கன்னு நீ சொன்ன. அப்புடி செஞ்சத அந்தக் கொழுப்புக்குள்ளயே மூடி வச்சா கெடாம கெடக்கும், ஃப்ரிஜ் இல்லாத காலத்துல தென்மேற்கு பக்கத்து பண்ணைக்காரங்க குளிருக்கு சேத்து வச்ச முற. ஓடர் வந்ததும் அந்த மனுசன் செஞ்சது என்ன? தோல் பக்கம் கீழ இருக்கிறாப்புல இரும்புச் சட்டியில வச்சாரு, மொறுமொறுன்னு ஆனதும் ஓவன்ல தள்ளுனாரு, முடிஞ்சுது. பக்கத்துல வந்த உருளக்கெழங்கும் அதே தாராக் கொழுப்புல வெள்ளப்பூடு போட்டு பொரிச்சது. கத்தி படுறதுக்கு முன்னாடியே எறச்சி எலும்ப விட்டு கழண்டுச்சு. நானும் எத்தனையோ தாரா ரோஸ்ட் போட்டிருக்கேன், விறகு ஸ்டவ்ல, நெருப்ப கண்ணால பாத்தே சூடு கணிச்சு. எனக்கு இப்புடி ஒரு நாளும் வரல, அத மறைக்க என்ன இருக்கு.

பாத்தியா, ஒத்த ஆளு நின்னு முப்பது கதிரைக்கு எப்புடி சமாளிக்கிறாருன்னா, வேலையில முக்காவாசி மொதநாளே முடிஞ்சு போச்சு. பலகையில இருந்த இன்னொன்னும் அப்புடித்தான், வைன்ல போட்டு வேக விட்ட எறச்சி, அதெல்லாம் மறுநாள் சூடு பண்ணுனா இன்னும் ருசி கூடும். அந்தந்த நேரத்துக்கு செய்யுறதுன்னு பாத்தா மீன் மட்டுந்தான். ஒன்னுல மிஞ்சுறது இன்னொன்னுக்கு போவுது. ஒன்னோட நாலு பக்கத்துல எது எதுக்கு போவும் சொல்லு பாப்பம்? தோச மாவு பிட்டுக்கு ஆகுமா, பீட்சா மாவு கொத்துக்கு ஆகுமா? பத்து வகைக்கு பத்து பாத்திரம், பத்து ஃப்ரிஜ் தட்டு, சாயங்காலம் பத்துலயும் மிச்சம்.

இங்க டவுன்ல ஒரு ஹோட்டல் இருக்கு, பேரு வேணாம், செவரு பூரா மெனு, படமும் போட்டிருக்கும். போய் ஒக்காந்து ஒன்னு கேட்டா முடிஞ்சிட்டு, இன்னொன்னு கேட்டா இன்னைக்கு போடல, கடைசியில "ரொட்டியும் பருப்பும் இருக்கு மாமா"ன்னு வந்து நிப்பான். இருக்கிறத மட்டும் எழுதுனா என்னா கொறஞ்சு போயிரும்?

பங்களாவுலயும் காலையில தொரசாணி ஒரு நோட்டுல எழுதி குடுப்பாங்க, ராத்திரிக்கு சூப் என்னா, பெரிய கோர்ஸ் என்னா, புடிங் என்னா, மூணே வரி. அந்த மூணயும் ஒழுங்கா செய்யத்தான் என்னைய வேலைக்கு வச்சிருந்தாங்க. 72-ல ஒங்க பெரிய தாத்தா கைய புடிச்சு குசினிக்குள்ள போனேன், 75-ல கம்பெனி தோட்டமெல்லாம் அரசாங்கம் எடுத்துச்சு, மிச்சமிருந்த வெள்ளக்கார தொரைமாரும் கெளம்புனாங்க, 92-ல நிர்வாகத்த மறுபடி கம்பெனிக்கு குடுத்தாங்க, தொரமாரு மாறிக்கிட்டே இருந்தாங்க, கரமல் புடிங் மட்டும் மாறவே இல்ல.

அதான் அன்னைக்கு பலகையில அத பாத்ததும் வேற எதையும் பாக்கல. நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு. வெட்டுன பக்கத்துல ஒரு ஓட்ட இல்ல. ஓட்ட விழுந்தா என்னா அர்த்தம்னு ஒனக்கு சின்ன வயசுலயே சொல்லி குடுத்திருக்கேன், சட்டிக்கு வெளிய இருக்கிற தண்ணி கொதிச்சிருச்சின்னு அர்த்தம், அந்த தண்ணி கொதிக்கவே கூடாது. சீனிய அவரு என்னைய விட கொஞ்சம் கூட கருக்கியிருந்தாரு, லேசா கசப்பு தட்டுச்சு, அதுவும் சரிதான், பாலும் முட்டையும் இனிப்பா இருக்கிறப்ப அந்த கசப்பு வேணும். நாங்க கண்டன்ஸ்ட் மில்க் ஊத்தி பழகுனவங்க, அதனால நம்மளது கனமா இருக்கும். அத ஒன் கடையில போடு. பீட்சாவ எடுத்துட்டு அத போடு. என் அளவு ஒனக்கு தெரியும், மறந்திருந்தா கேளு.

அன்னைக்கு திரும்பி நடந்து வர்றப்ப நீ ஒரு கத சொன்ன, 1789 பொரட்சியில பிரபுமாரு ஓடிப்போனதும் அவங்க வீட்டு சமையல்காரங்க பல பேரு பாரிஸ்ல சொந்தமா கடை போட்டாங்கன்னு, அதுக்கு முன்னாடியும் ஒன்னு ரெண்டு பேரு போட்டிருந்தாங்கன்னு. நான் அப்ப ஒன்னும் பேசல. வீட்டுக்கு வந்தும் அதயேதான் யோசிச்சேன். இங்கயும் தொரைமாரு போனாங்க தம்பி. எனக்கு தெரிஞ்ச பங்களா சமையல்கார அப்புமாருல சில பேரு ரெஸ்ட் ஹவுசுக்கு போனாங்க, சில பேரு கொழும்பு வீடுகளுக்கு போனாங்க, நாங்க கொஞ்ச பேரு அடுத்த தொரைக்கு சமைச்சோம். சொந்த பேர போட்டு கடை தொறந்தவன் எனக்கு தெரிஞ்சு ஒருத்தனும் இல்ல. காணி இல்ல, தோட்டம் குடுத்த லயத்து ரூம வச்சு பேங்க்ல எவன் கடன் குடுப்பான். நீ தொறக்கப்போற. அதனாலதான் இந்த மெனு விசயத்துல இவ்வளவு பேசுறேன், கோவிச்சுக்காத.

எடத்த பத்தியும் ஒன்னு. லா ஷப்பெல் பக்கம் வேணாம்னு எனக்கு படுது. அன்னைக்கு அந்த தெருவுல நடந்தப்ப எத்தன கொத்து கடை, எல்லாம் நம்ம தமிழ் ஆளுக கடை, அம்புட்டு பேருக்கு நடுவுல நீ வெலைய கொறைச்சு கொறைச்சு தான் ஆள் புடிக்கணும். அந்த சின்ன கடைக்கு வந்தவங்க எல்லாம் அக்கம்பக்கத்து ஆளுக. ஒரு வயசானவரு பேப்பரோட தனியா வந்தாரு, பலகைய கூட பாக்கல, அன்னைக்கு சமைச்சது எதுவோ அத வைக்க சொன்னாரு, சாப்பிட்டாரு, கைகுடுத்துட்டு போனாரு. ஒன் தெருவுல அப்புடி பத்து பேரு கெடச்சா போதும். சோறும் கோழிக்கறியும் பருப்பும் ஒரு மரக்கறியும் சம்பலும் ஒரு கோப்பை, ஆட்டுக்கறி ரொட்டி ஒன்னு, கொத்து ஒன்னே ஒன்னு, அந்த லீக்ஸ் பச்ச எலைய கொத்துல போட்டுக்க. ஆட்டுக்கறிய மொதநாளே வச்சிரு. மொளகாத்தூள கொறைச்சு வைக்காத, வேணும்னா அந்த கோப்பைக்கு பக்கத்துல ஒரு மொளகா படம் வரஞ்சிரு.

காசு விசயம் அவங்ககிட்ட எனக்கு புடிச்சது. பாண் முடிய முடிய கொண்டாந்து வச்சாங்க, போத்தல் தண்ணி வேணாம்னா கொழாத் தண்ணி ஜாடியில வரும், ரெண்டுக்கும் காசில்ல, 1967-லயே சட்டம் போட்டிருக்காங்கன்னு சொன்ன. சேவிஸ் சார்ஜும் வெலைக்குள்ளயே. இங்க பெரிய ஹோட்டல்ல கார்டுல ஒரு வெல, பில்லுல பத்து வீதம் சேவிஸ், அதுக்கு மேல வரின்னு வேற ஒரு வெல வரும். (ஒங்கம்மா அந்த பாண்ல ரெண்டு துண்ட பேப்பர் சேவியட்டுல சுத்தி பேக்குல போட்டத நீ பாக்கல, ராத்திரி பிளேன்டீயோட சாப்பிட்டோம்.)

பில்லு வரலையேன்னு நான் தவிச்சத பாத்து நீ சிரிச்ச. நாம கேக்காம கொண்டாந்து வச்சா எந்திரிச்சு போன்னு சொல்றாப்புலயாம். நம்மூர்ல பிளேன்டீ பாதி இருக்கிறப்பவே பொடியன் துணியோட வந்து மேசைய தொடைக்க ஆரம்பிச்சிருவான். நீயும் தொடைக்க விடாத. பகல்ல மட்டும் பாத்துக்க, ரெண்டு மணிக்கு குசினிய மூடிரு அவங்கள மாதிரியே, இல்லன்னா ராத்திரி சமையலுக்கு எப்ப நிப்ப. அவங்க ஞாயிறு திங்கள் மூடுறாங்க, நீ ஞாயித்துக்கெழம மூடாத, கோயிலுக்கு போயிட்டு நம்ம சனம் குடும்பத்தோட வர்ற நாள் அது. திங்கள் செவ்வாய் மூடு. ரெண்டு நாளும் மூடு, ஒரு நாள் போதும்னு நெனக்காத, ஒன் முதுகு வலிய பத்தி தங்கச்சி சொன்னா.

அந்த 14 மணிநேர சுகாதார வகுப்புக்கு பேரு குடுத்துட்டியா? அது இல்லாம தொறக்க ஏலாதுன்னு நீதான் சொன்ன. வாடக பேசுற அந்த கடையில பொக போக குழாய் கூரை வரைக்கும் இருக்கான்னு ஓனர்கிட்ட எழுத்துல வாங்கு, வாயால சொன்னா ஏத்துக்காத. நாள் பூரா கொத்து அடிக்கிறவனுக்கு பொக போக வழி இல்லன்னா மேல் மாடிக்காரங்க மொத வாரத்துலயே சண்டைக்கு வந்துருவாங்க. அது இல்லன்னா வாடக எவ்வளவு கொறவா இருந்தாலும் கையெழுத்து வைக்காத, வேற எடம் பாப்பம்.

அப்பா