வன்னியின் வரலாற்று ஆசிரியர்களுக்கு: பிள்ளைகளை ஒரு பக்கம் எழுத விடுங்கள்

வன்னிப் பாடசாலைகளில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் முள்ளியவளையில் இருக்கிறேன், தையல் வேலை செய்கிறேன். மூத்த மகன் தரம் 11 படிக்கிறான். போன தவணையில் உலகப் போர்கள் பாடம் முடிந்ததும், போரில் வீரப் பதக்கம் பெற்ற ஒரு குடும்பத்தைப் பற்றித் தேடி எழுதி வரும்படி அவனுடைய வரலாற்று ரீச்சர் சொல்லியிருக்கிறார். என்னுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் தேடினான். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பவில்லை. நான்கு பக்கம் எழுதினான். பிள்ளையை அப்படி இருத்தி எழுத வைத்த ரீச்சருக்கு முதலில் என் நன்றி.

அவன் எழுதியது பிரட்ஃபோர்ட் சகோதரர்களைப் பற்றி. இங்கிலாந்தின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த டர்ஹம் மாவட்டத்துக் குடும்பம். நான்கு ஆண் பிள்ளைகள். முதலாம் உலகப் போரில் நால்வருக்குமே பதக்கம் கிடைத்தது. மூத்தவர் தோமஸுக்குச் சிறப்புச் சேவை விருது, ஜேம்ஸுக்கு மிலிட்டரி கிராஸ், ரோலண்டுக்கும் ஜோர்ஜுக்கும் எல்லாவற்றுக்கும் மேலான விக்டோரியா கிராஸ். ஜேம்ஸ் 1917 மே மாதம் காயம்பட்டு இறந்தார். ரோலண்ட் அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி செல் விழுந்து செத்தபோது வயது 25. ஜோர்ஜ் 1918 ஏப்ரல் 23இல் போனார், அது அவருடைய 31ஆவது பிறந்தநாள். தோமஸ் மட்டும் உயிரோடு வீடு திரும்பினார்.

மகன் இதை உரத்து வாசித்தபோது என் அம்மா திண்ணையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "அந்தத் தாய்க்கு மூண்டு பிள்ளையளும் எத்தினை மாசத்துக்குள்ள போச்சுதுகள்?" என்று கேட்டார். மகன் கணக்குப் பார்த்து, "ஒரு வருசம் கூட வராது அம்மம்மா" என்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை. இலையை வைத்துவிட்டுக் கோழிக்கூட்டை மூடப் போய்விட்டார். அப்போது நன்றாகப் பொழுது இருந்தது.

அன்று இரவுதான் மகன் என்னிடம் கேட்டான்: "அம்மா, எங்கட வீட்டில ஆருக்கும் பதக்கம் கிடைச்சதோ?"

கிடைத்தது என்று சொல்லி எடுத்துக் காட்டினேன். என் அண்ணா பாடசாலையில் 800 மீற்றர் ஓடி மூன்றாம் இடம் வந்ததற்குக் கொடுத்த பதக்கம். வெண்கலப் பூச்சு உரிந்து உள்ளே தகரம் தெரிகிறது. நாடா இற்றுப்போய், அம்மா அதற்குப் பதிலாக ஒரு சேலைக் கரையைக் கோத்து வைத்திருக்கிறார். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, இரணைப்பாலை, வலைஞர்மடம் என்று ஒவ்வொரு இடமாகச் சாமான்களை விட்டு விட்டு வந்தோம். தையல் மெசினை விட்டோம், பசுவை அவிழ்த்து விட்டோம், அல்பத்தை விட்டோம். அடையாள அட்டைகளோடு சேர்த்து அம்மா தன் சுருக்குப் பையில் வைத்திருந்தபடியால் இது மட்டும் செட்டிகுளம் முகாம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

பதக்கத்தைக் காட்டின கையோடு அண்ணாவின் கதையையும் சொன்னேன். பதினாறு வயதுவரை நான் பெற்ற பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

2009 மாசி, பங்குனி மாதங்களில் நாங்கள் வலைஞர்மடத்தில் பங்கர் வெட்டி இருந்தோம். அண்ணாவிடம் ஒரு லான்ட்மாஸ்டர் இருந்தது, பின்னால் பெட்டி பூட்டின இரண்டு சில்லு உழவு மெசின். போருக்கு முன் நெல்லும் விறகும் ஏற்றியது. அங்கே வந்த பிறகு காயக்காரரை ஏற்றத் தொடங்கினார். பெட்டிக்குள் ஈரமணல் பரப்பி, அதன் மேல் பாய் விரித்து, மாத்தளன் பாடசாலையில் நடந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்கு அனுப்புவார்கள் என்ற நம்பிக்கை. அவரை யாரும் கேட்கவில்லை, அது அவருடைய வேலையும் இல்லை. டீசல் தங்கம் விற்ற விலை விற்றது. அம்மா தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா கிழிந்த சேலைகளைக் கீலம் கீலமாகக் கிழித்து, உப்புத் தண்ணீரில் அவித்துக் காயவைத்துக் கட்டுத் துணியாகக் கொடுத்துவிடுவார். தாய் தகப்பன் இல்லாமல் நின்ற பக்கத்துப் பங்கர்ப் பிள்ளைகள் மூன்று பேரும் எங்கள் கஞ்சியில்தான் இருந்தார்கள். இப்படி ஒரு குடும்பத்தில் மூன்று பேர்.

ஒருநாள் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவரிடம், கடற்கரைப் பக்கம் இன்னும் இரண்டு பேர் கிடக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். போக வேண்டாம் என்று நான் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். போனார். ஒரு பொடியனைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு, மற்றவரைத் தூக்கக் குனிந்தபோது செல் விழுந்தது.

என்றைக்கு என்று மகன் கேட்டான். பங்குனி உத்தரத்துக்கு முதல்நாள் என்று அம்மா சொல்கிறார். அக்கா இல்லை, அதற்கு நாலைந்து நாள் முந்தி என்கிறார். எனக்கு நாளே தெரியாது. அந்த நாட்களில் எங்களுக்குக் கலண்டர் இல்லை. இன்ன திகதி என்று சொல்ல முடியாமல் திவசத்தை உத்தரத்தோடு சேர்த்துக் கொடுத்து வருகிறோம்.

ஆசிரியர்களே, இங்கேதான் உங்களிடம் வருகிறேன்.

விக்டோரியா கிராஸ் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று மகன் எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். 1856இல் விக்டோரியா மகாராணி ஏற்படுத்தியது. உலோகம் பெரிய விலை இல்லை, பழைய பீரங்கி வெண்கலம். அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்துத்தான் பெரிது. ஓர் அதிகாரி பரிந்துரை எழுத வேண்டும், கண்ணால் கண்ட மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எந்த இடம், எந்த நாள், என்ன செய்தார் என்பது அரச வர்த்தமானியில் அச்சாகும். அந்த நாளைச் சிலுவையின் பின்பக்கத்திலும் பொறித்துவிடுவார்கள். ஜோர்ஜ் பிரட்ஃபோர்டைப் பற்றிய குறிப்பு நூறு வருடம் கழித்து எங்கள் திண்ணையில் வாசிக்கப்பட்டது அதனால்தான். பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்தில், அலையில் கப்பல் அணைகரையோடு ஒட்டாமல் தத்தளிக்கிறது. அவர் ஒரு பெரிய நங்கூரத்தோடு பாரந்தூக்கியின் மேல் ஏறி, கரைக்குப் பாய்ந்து, அதைக் கொளுவிய உடனேயே சுடப்பட்டுக் கடலில் விழுகிறார். கப்பலைக் கட்டுவது அவருடைய கடமைகளில் ஒன்றல்ல என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு அண்ணாவின் ஞாபகம்தான் வந்தது.

பார்த்தவர்கள் இல்லாவிட்டால் பதக்கமும் இல்லை. 1941 ஏப்ரல் 6இல் கென்னத் கம்பெல் என்ற விமானி பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்றைத் தாக்கப் போய், கூடச் சென்ற மூன்று பேரோடும் திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல அவருடைய பக்கத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. கரையில் இருந்த பிரெஞ்சுக்காரர் மூலம் செய்தி கசிந்து வந்த பிறகு, அடுத்த ஆண்டுதான் விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். அவர் இருந்த 22ஆம் விமான அணி 1942இல் இலங்கைக்கு வந்தது, எங்கள் வவுனியா விமானத் தளத்திலும் இருந்திருக்கிறது. கூடப் போன மூன்று சார்ஜன்ட்களுக்கும் அந்தச் சிலுவை இல்லை. ஒரே விமானத்தில் போய் ஒன்றாகச் செத்தவர்கள். அது எனக்கு இன்றைக்கும் மனதைக் குடைகிறது.

காலம் கடந்துவிட்டது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். மெல்வில், கோகில் என்று இரண்டு அதிகாரிகள் 1879 ஜனவரியில் தென்னாபிரிக்காவின் இசன்டில்வானாப் போரில் செத்தார்கள். செத்தவர்களுக்கு விக்டோரியா கிராஸ் கொடுப்பதில்லை என்ற வழக்கம் அப்போது இருந்தது. உயிரோடிருந்தால் பரிந்துரைத்திருப்போம் என்று மட்டும் அந்த ஆண்டே எழுதி வைத்தார்கள். 28 வருடம் கழித்து, 1907இல், வழக்கத்தைத் தளர்த்திச் சிலுவையை அவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு எழுதி வைத்த அந்தத் தாள் அதுவரை காத்துக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் எழுத்து என்ன இருக்கிறது? ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் பண்டார வன்னியன் தோற்கடிக்கப்பட்ட இடத்தைச் சொல்லும் கல்லைப் பற்றி நீங்களே படிப்பிக்கிறீர்கள். 1803 ஒக்டோபர் 31 என்ற நாள் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் வென்ற பிரிட்டிஷ் கப்டன் டிறிபேர்க்கின் பெயரோடு அது கல்லில் வெட்டப்பட்டது. பண்டார வன்னியனோடு நின்றவர்கள் யார் யார் என்று அந்தக் கல்லில் இல்லை.

ஆனையிறவால் போகும் பஸ்ஸில் பிள்ளைகள் ஒரு புல்டோசரைப் பார்ப்பார்கள், அங்கிருந்த இராணுவ முகாமைத் தாக்கப் புலிகள் கொண்டுவந்தது. 1991 ஜூலை 14இல் அதை மறித்து உயிர்விட்ட கோப்ரல் காமினி குலரத்னவுக்கு நாட்டின் அதியுயர் பதக்கமான பரம வீர விபூஷணய கொடுக்கப்பட்டது. அதைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. அவரைப் பெற்றதும் ஒரு தாய்தான். அந்த வண்டியைப் பார்க்கிற எங்கள் பிள்ளை, தன் மாமாவின் வண்டி என்ன செய்தது என்பதையும் எங்கேயாவது வாசிக்க முடிய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். பதக்கம் கேட்கவில்லை.

தரம் 10, 11 பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுங்கள். அந்தப் போரில் மற்றவரின் உயிரைக் காப்பாற்றிய ஒருவரைத் தன் வீட்டிலோ அயலிலோ கேட்டறிந்து ஒரு பக்கம் எழுதட்டும். தண்ணி அள்ளக் கிணற்றடிக்குப் போனவர், பிள்ளைகளைத் தோளில் வைத்து நந்திக்கடல் தண்ணிக்குள் நடந்தவர், பால் வற்றிய தாயின் குழந்தைக்குத் தன் பாலைக் கொடுத்தவர், மருந்தில்லாமல் கட்டுப்போட்டவர். எந்த இடம், எந்த நாள், என்ன செய்தார், கண்டவர்கள் யார். முடிந்தால் மூன்று பேரிடம் கேட்கட்டும். அம்மாவும் அக்காவும் நாளில் முரண்படுகிற மாதிரி முரண்பட்டால் இரண்டையும் எழுதட்டும். நூலகத்தில் ஒரு கோவை, வீட்டுக்கு ஒரு பிரதி. புள்ளி போட வேண்டாம், போட்டிக்கும் அனுப்ப வேண்டாம். மாமாவின் சாவுக்குப் பத்துக்கு எட்டு என்று யாரும் போடக் கூடாது.

உங்களுடைய தயக்கம் எனக்கு விளங்குகிறது. இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள் என்று யாராவது வந்து கேட்பார்கள். எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்காமல், யாரைக் காப்பாற்றினார் என்று மட்டும் கேட்டால், அந்தத் தாளை யாருக்கு முன்னாலும் வைக்கலாம். களத்துக்குப் போன பிள்ளைகளுக்குக் கார்த்திகை 27இல் தாய்மார் விளக்கேற்றுகிறார்கள். லான்ட்மாஸ்டர் ஓட்டினவருக்கும் துணி அவித்தவருக்கும் தனியாக ஒரு நாள் இல்லை. அப்புறம், சொல்ல விரும்பாதவர்களிடம் பிள்ளைகளைத் தயவுசெய்து கேட்க வைக்காதீர்கள். அழத் தொடங்கினால் கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். என் அக்கா முதல் நாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான்காம் நாள் தானாக வந்து, துணி அவித்த பானைக்கு மூடி இருக்கவில்லை, மண் விழாமல் இருக்க ஒரு தட்டத்தைக் கவிழ்த்து வைப்பேன் என்று தொடங்கி, இரவு பத்து மணிவரை சொன்னார்.

இதைத் தள்ளிப்போடவும் முடியாது. பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் அந்தக் காலத்தை முழுதாகச் சொல்லக்கூடிய கிழவர் நான்கு பேர் போன இரண்டு வருடத்தில் போய்விட்டார்கள். இன்று உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 2009இல் பிறந்தவர்கள் அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கண்டவரிடம் நேரே கேட்டு எழுதக்கூடிய கடைசி வகுப்புகள் இவைதான்.

மகன் தன்னுடைய பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டான். அம்மாவின் சாட்சியும் அக்காவின் சாட்சியும் எழுதியாகிவிட்டது. அண்ணா பெட்டிக்குள் தூக்கிப்போட்ட அந்தப் பொடியன் பிழைத்தான். இப்போது புதுக்குடியிருப்புப் பக்கம் கடை வைத்திருக்கிறார், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்களை விசாரித்துக் கண்டுபிடித்து வந்து அம்மாவின் காலடியில் இருந்துவிட்டுப் போனார். அந்த நாள் அவருக்குத் தெரிந்திருக்கலாம். வருகிற சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போகிறேன். தாளில் திகதி எழுதுகிற இடத்தை மகன் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கச்சி