பாகூர் வரவேற்புக்கு நீ போக வேண்டாம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மாமா பையன் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. காலையில் முகூர்த்தம் திருவந்திபுரத்தில், சாயங்காலம் வரவேற்பு புதுச்சேரி எல்லைக்குள் பாகூரில். நீ மருமகளிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. "ஆடி முடிந்தால் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது, இப்போது எனக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது, கல்யாணத்தில் பசங்களோடு ஒரே ஒரு பீர், அதோடு சரி" என்றாயாம். அவள் கோள் மூட்டவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள். அவளை ஒன்றும் கேட்காதே.

பீர் லேசான சமாச்சாரம் என்று நம் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார், 30 மில்லி பெக் விஸ்கி நாலு குடித்ததற்குச் சமம். சரி, அதைவிடக் குறைவாகவே குடிப்பாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் மாறாது. ஆஸ்பத்திரி வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது இதுதான்: குடிநோய் வந்த ஒருவருக்கு முதல் கிளாஸ்தான் ஆபத்து. ஏழாவது கிளாஸில் யாரும் சறுக்குவதில்லை.

மாலை போட்டதை நீ அடிக்கடி சொல்வாய். சபரிமலைக்கு மாலை போட்ட ஒரு மண்டலம் சொட்டு தொடவில்லையே, நான் எப்படி அடிமை ஆவேன் என்று. மாலை போட்டு நிறுத்தாத குடிநோயாளி நம் ஊரில் யார் இருக்கிறார்கள், சொல். கழற்றிய அன்று என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மலை இறங்கி வந்த அன்றைக்கே நீ முள்ளோடைக்கு வண்டியை விட்டாய். ஆல்பேட்டையைத் தாண்டினால் புதுச்சேரி, சரக்கு விலையும் குறைவு. நம் ஊர் ஆண்கள் பாதிப்பேருக்கு அந்த ரோடு கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும்.

எனக்குச் சந்தேகம் வந்தது நீ குடித்து வந்த ராத்திரிகளில் இல்லை. காலை நேரங்களில்தான். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தாய். சூடாக இருக்கிறது என்பாய். தண்ணீர் டம்ளரையும் அப்படித்தான் பிடித்தாய். இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துபோவாய், மாடிக்குப் போய் இறங்கி வந்த பிறகு கை நடுக்கம் நின்றிருக்கும், சட்டைப் பட்டன் சரியாகப் போடுவாய். ஆசைக்குக் குடிப்பது வேறு. கை நிற்பதற்காகக் குடிப்பது நோய். அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு மனசு வைத்தால் போதும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அப்புறம் நீயாகவே நிறுத்தினாயே, அந்த மூன்றாவது ராத்திரி. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று போர்வையை உதறிக்கொண்டே இருந்தாய். உடம்பெல்லாம் வியர்வை. உனக்கு அதில் பாதி ஞாபகம் இல்லை, எனக்கு எல்லாம் இருக்கிறது. வருஷக்கணக்காகக் குடிக்கும்போது, மது கொடுக்கிற மந்தத்தை ஈடுகட்ட மூளை எப்போதும் முறுக்கிக்கொண்டு வேலை செய்யப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிச்சம். அதுதான் நடுக்கம். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாள் கழித்து இப்படிப் பிதற்றல் வரும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் விடியக்கூடக் காத்திருக்காமல் கோரிமேடு ஜிப்மருக்கு வண்டி பிடித்தேன். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள், நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.

இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறவர்களுக்கு அடுத்த தடவை நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் முன்னைவிட மோசமாக வரக்கூடும். ஒரு வருஷம் சும்மா இருந்தாலும் உடம்பு பழைய கணக்கை மறக்காது, தம்பி.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற, நீ போகிற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எப்படி ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். 1935ஆம் வருஷம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வியாபார விஷயமாகப் போன இடத்தில் காரியம் கெட்டுவிட்டது. தங்கியிருந்த ஓட்டலில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் போன். அவர் போனை எடுத்தார். யாராவது ஒரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று தேடித்தான் டாக்டர் பாபைச் சந்தித்தார். பாபும் குடியை விட்டார். ஆனால் கொஞ்ச நாளிலேயே வெளியூரில் டாக்டர்கள் மாநாடு என்று போனவர், போன இடத்தில் குடித்துவிட்டார். திரும்பி வந்து அதே வருஷம் ஜூன் மாதம் குடித்ததுதான் கடைசி. 1950இல் சாகிற வரைக்கும் தொடவில்லை. பில்லோடு சேர்ந்து அந்த இயக்கத்தைத் தொடங்கிய மனுஷனே வீட்டை விட்டு நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போய்த்தான் சறுக்கியிருக்கிறார். உனக்கு மட்டும் பாகூர் மண்டபம் ஒன்றும் செய்யாது என்று நான் எப்படி நம்புவது?

கல்யாணத்துக்கே வராதே என்று சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு வா. திருவந்திபுரத்தில் அட்சதை போடு, தேவநாத சுவாமியைச் சேவி, சாப்பிட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிடு. பாகூருக்கு நான் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருகிறேன். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளைத் தோழர்கள் கூடுகிற இடத்துப் பக்கமே போகாதே. ஓசூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்து இறங்காதே, ஒரு நாள் முன்னதாகவே வந்து வீட்டில் படுத்துத் தூங்கு. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று இருந்தாலே ஆசை தலைதூக்கும் என்று உங்கள் கூட்டத்தில் சொல்வார்களே, ராத்திரி பஸ்ஸில் அதில் மூன்று சேர்ந்தே வரும். கூட்டத்தில் உனக்கு வழிகாட்டுகிற மூத்தவர், அந்த உன் ஸ்பான்சருக்குக் கிளம்பும்போதும் வந்து சேர்ந்ததும் போன் செய். யாராவது ஊற்றிக் கொடுத்தால் பொய்க்காரணம் தேடாதே, எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல், போதும். அது உண்மைதானே.

மாமா கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நேற்றே பேசியும் விட்டேன். கொஞ்சம் முகம் சுருங்கினார், அப்புறம் "புள்ளை நல்லா இருந்தா சரி" என்றார்.

இன்னொன்று. உன் அத்தை எங்கேயோ நோட்டீஸ் பார்த்துவிட்டு, அவனுக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற மருந்து இருக்கிறதாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மாதிரிச் சரக்கில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து) இருந்தால், தெரியாமல் குடிக்கிறவனுக்கு வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிர்வரை போகும். டாக்டர் சொல்லி, அவனுக்குத் தெரிந்து, அவன் கையால் போட வேண்டிய மாத்திரை அது. வீட்டுக்குள் அது வரக் கூடாது என்று மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீயும் சொல்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவேளை சறுக்கினால், அன்றைக்கே எனக்குச் சொல். ராத்திரி இரண்டு மணி என்றாலும் சொல். ஒளிக்கிற ஒவ்வொரு நாளும்தான் நோய்க்குச் சாப்பாடு. பல நாள் குடித்துவிட்டிருந்தால் பழைய மாதிரி அறையைப் பூட்டிக்கொண்டு நீயாக நிறுத்தப் பார்க்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. யாரிடமும் பேச முடியவில்லை என்றால் 14446க்கு அடி, காசு இல்லாமல் பேசலாம். நான் கத்த மாட்டேன். அழுவேன், அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாப்பாவுக்குப் பல் ஆடுகிறது என்றாயே, விழுந்துவிட்டதா? அவளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறேன், உயரம் அளந்து அனுப்பச் சொல். டிக்கெட் போட்டதும் எந்த பஸ், எத்தனை மணி என்று போன் செய், நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா